ஏ.சி. ரூம்ல உக்காந்து டாலர் எண்ணுறோமா?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பரோட வேலூர் பக்கத்துல ஐடிக்காரங்களைப் பத்தி எழுதறப்ப "ஏ.சி. ரூம்ல உக்காந்து டாலர் எண்ணுறவங்க"ன்னு ஒரு வரி போட்டிருந்தீங்க. எங்க அப்பா காலத்துல இருந்து வீட்ல உங்க பேப்பர்தான், அதனால ரொம்ப மனசு வலிச்சுதுங்க.

காட்பாடி காந்தி நகர்ல சின்னதா சாப்ட்வேர் கம்பெனி நடத்துறேன், அமெரிக்கா கிளையன்ட்டுங்களுக்கு வேலை செஞ்சு குடுக்கறோம். அந்த டாலர் எப்ப வருதுன்னு யாராவது கேட்டீங்களா? இன்வாய்ஸ் போட்டா 60 நாள், 90 நாள், அவங்க வெச்சதுதான் கணக்கு. உள்ளூர் பார்ட்டின்னா 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி 45 நாளுக்குள்ள குடுத்தாகணும், இல்லன்னா ரிசர்வ் வங்கி ரேட்டைப் போல மூணு மடங்கு வட்டி கேக்கலாம், கடல் தாண்டி இருக்கறவங்ககிட்ட அதைக் காட்டி என்ன பண்றது? ஆனா பசங்களுக்கு ஒண்ணாந்தேதி சம்பளம் போயாகணும், சாப்ட்வேர் ஏற்றுமதிக் கணக்கு காட்டுற சாப்டெக்ஸ் பாரம், ஜிஎஸ்டி எதுவும் தள்ளிப்போகக் கூடாது.

ஒரு கிளையன்ட் மொத்தமா இவ்ளோன்னு ரேட் பேசிட்டு, சின்ன சேஞ்ச்தானே சின்ன சேஞ்ச்தானேன்னு வேலையை சேத்துக்கிட்டே போனாரு, கடைசில பாதி பில்லை நிறுத்திட்டாரு. கேஸ் போடணும்னா அவங்க ஊர் கோர்ட்டுலதான்னு அக்ரிமென்ட்ல இருக்கு, அந்த வக்கீல் பீஸுக்கு ஆபீஸையே வித்தாலும் பத்தாது, விட்டுட்டேன்.

அமெரிக்கா வரிச் சட்டம் வேற ஒரு தலைவலி. 2022ல இருந்து அவங்க கம்பெனிங்க வெளிநாட்டுல செய்யற சாப்ட்வேர் டெவலப்மென்ட் செலவை 15 வருஷமா பிரிச்சுத்தான் வருமானத்துல கழிக்கணும், 2025ல அவங்க நாட்டுக்குள்ள செய்யற வேலைக்கு மட்டும் பிரிச்சுக் கழிக்கற கட்டாயத்தை எடுத்துட்டாங்க, நம்மகிட்ட குடுக்கற வேலைக்கு அப்படியே நிக்குது. அதைச் சொல்லியே ரேட்டைக் குறைக்கச் சொல்றாங்க.

வேலை கத்துக்குடுத்து, கிளையன்ட்கிட்ட தைரியமா பேச வெச்சதும் பசங்க பெங்களூருக்கு ரயில் ஏறிடறாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், அந்த சம்பளம் என்னால குடுக்க முடியாது. ஆனா அந்தப் பையனை நம்பி வேலை குடுத்த கிளையன்ட்டுக்கு நான்தானே பதில் சொல்லணும்? நவம்பர்ல அவங்க கடிகாரத்தை மாத்துனா ராத்திரி ஏழரை மணி மீட்டிங் எட்டரை ஆயிடுது, வீட்டுக்குப் போற பொண்ணுங்களுக்கு ஆட்டோ சொல்லி அனுப்பறது எங்க பொறுப்பு. இதையெல்லாம் எழுத உங்களுக்கு இடம் இல்ல, எண்ணுறதை எழுத இடம் இருந்துது.

நான் கேக்கறது ஒண்ணுதாங்க. பராமரிப்பு மின்தடை அறிவிப்பை அன்னைக்குக் காலைல போடறீங்க, அதை முந்தின நாளே போடுங்க. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கி வெச்சுக்குவோம், டெலிவரி அன்னைக்கு இருந்தா கிளையன்ட்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுவோம்.

வருத்தத்துடன்,
உங்க பழைய வாசகன்,
காட்பாடி.