உவரிக் கடற்கரை அண்ணாச்சிக்கு நன்றி

போன ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையிலிருந்து பிள்ளைகளோடு உவரிக்குப் போயிருந்தோம். அந்தோணியார் கோயிலுக்குப் போய்விட்டு, அப்புறம் கடற்கரை. நாலு வயது மகள் கணுக்கால் நனையும் தண்ணீரில்தான் நின்றாள். திடீரென்று வீறிட்டு அழுதாள். கெண்டைக்காலில் சாட்டையால் அடித்தது போலச் சிவப்புக் கோடுகள். கண்ணாடி நூல் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. சொறி மீன், அதாவது ஜெல்லி மீன்.

பதறிப்போய் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி ஓடி வந்து தடுத்தார். "நல்ல தண்ணி ஊத்தாதம்மா, கடுப்பு கூடும். தேய்க்கவும் செய்யாத." கடல் தண்ணீரையே அள்ளி ஊற்றி, ஓலை நறுக்கால் அந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்தார். "அழாத மக்கா, இந்தா முடிஞ்சிட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டீக்கடையில் வெந்நீர் வாங்கி, முதலில் தன் முழங்கையில் தொட்டுச் சூடு பார்த்து, பிறகுதான் அவள் காலை அதில் வைத்தார். இருபது நிமிடம் பிடித்திருந்தார். அழுகை அடங்கியது.

காலில் ஒட்டிக்கொண்ட கொடுக்குகளில் நல்ல தண்ணீர் பட்டால் அவை மேலும் விஷம் கக்கும் என்று டாக்டரும் பிறகு சொன்னார். நான் செய்ய இருந்தது அதைத்தான். நினைத்தால் இன்னும் மனசு நடுங்குகிறது.

பணம் நீட்டினேன், கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். பெயரைக்கூடக் கேட்கவில்லை நான். அண்ணாச்சி, கோடுகள் மங்கிவிட்டன. "வலைத் தாத்தா வீட்டுக்கு எப்போ போவோம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.