பூட்டு இல்லாத பெட்டிகளுக்கு நன்கொடை கேட்கிறோம்

அன்புடையீர், வணக்கம்.

பள்ளிக்குப் புத்தகம் வாங்கித் தர நல்ல மனம் கொண்டவர்கள் எப்போதும் கிடைக்கிறார்கள். வாங்கிய புத்தகம் பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர்வதுதான் அரிது. இருப்புப் பதிவேட்டில் ஏறிய புத்தகம் ஒன்று தொலைந்தால் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும். ஆகவே பீரோவுக்குப் பூட்டு. ஆசிரியரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. தொலைவதற்கு இடம் வைக்காத கணக்கு அப்படித்தான் முடியும். இடைக்கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு பிணைத்திருந்தார்கள். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதை இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்தின் முதல் விதியாக வைத்தார். சங்கிலி போய்விட்டது, பூட்டு மட்டும் மிச்சம்.

ஆகவே வகுப்பறை நூலகக் குழுவினராகிய நாங்கள் கேட்பது, பூட்டில்லாமல் வகுப்பறையிலேயே வைத்து, தேய்ந்து, கிழிந்து, சில தொலைந்தும் போகப்போகிற புத்தகங்களுக்கான நன்கொடை. அதற்குச் சம்மதம் என்றால் மேலே படியுங்கள்.

திட்டம் இதுதான். 1 முதல் 8 வரை எட்டு வகுப்பறைகள், அறைக்கு ஒரு தொகுதி, தொகுதிக்கு 100 புத்தகங்கள். இதில் 70 தனிப் படிகள். மீதி 30, பத்துப் புத்தகங்களின் மும்மூன்று படிகள். ஒரே புத்தகத்தை மூன்று பேர் ஒரே வாரத்தில் படித்தால்தான் அதைப் பற்றிப் பேச ஆள் கிடைக்கும். பேச்சுதான் நான்காவது பிள்ளையை இழுத்து வரும். பத்து வாரத்துக்கு ஒருமுறை 1, 2 வகுப்புகள் தங்களுக்குள்ளும், 3 முதல் 5 வரை தங்களுக்குள்ளும், 6 முதல் 8 வரை தங்களுக்குள்ளும் தொகுதியை மாற்றிக்கொள்ளும். அப்படிச் சுற்றினால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஓராண்டில் 240 வெவ்வேறு புத்தகங்களைப் பார்த்துவிடும். மாற்றாமல் ஒரே அறையில் விட்டால் நான்காம் மாதத்தில் பெட்டி அலுத்துப்போகும். பெரிய வகுப்புத் தொகுதி ஏறக்குறைய 20 கிலோ இருக்கும். அதனால் ஒரே பெரிய பெட்டியாக இல்லாமல், இரு பக்கமும் கைப்பிடி உள்ள இரண்டு பெட்டிகள். தூக்கப்போவது பிள்ளைகள்தான்.

சிறு வகுப்புகளுக்கு 16 அல்லது 24 பக்கப் படப்புத்தகங்களே அதிகம். நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்த இவற்றுக்குப் பெயர் அச்சிடும் முதுகே கிடையாது. அலமாரியில் நிறுத்தினால் எது என்ன என்று தெரியாது. தெரியாத புத்தகத்தை எந்தக் குழந்தையும் உருவிப் பார்ப்பதில்லை. அட்டை முகம் தெரிய வேண்டும். இதற்கு 20 பைகள் தைத்த கனமான துணித் திரையைச் சுவரில் தொங்கவிடுவோம். பையின் உயரம் 10 செ.மீ.தான், அதற்கு மேல் போனால் அட்டைப்படம் மறைந்துவிடும். மேல்வரிசை தரையிலிருந்து 110 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிடுவதும் உண்டு. மெல்லிய புத்தகத்துக்கு அது சரி, கனமானது கிளிப் பிடித்த இடத்திலேயே கிழியும். திரையில் உள்ள 20 புத்தகங்களும் திங்கள்தோறும் மாறும்.

வாசிப்பு நிலைக்கு வகுப்பை அளவாக வைக்கவில்லை. ஐந்தாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டும் பிள்ளை இருக்கும். அட்டையின் மூலையில் வண்ணப் புள்ளி ஒட்டுவோம்: எளியதற்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, கடினமானதற்கு மூன்று. நிறம் பிரித்தறிய முடியாத பிள்ளைகளும் உண்டென்பதால் நிறத்தோடு எண்ணிக்கையும். யாருக்கு எத்தனை புள்ளி என்று ஆசிரியர் விதிக்கக் கூடாது என்பது பள்ளியோடு எங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

தமிழுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. பிள்ளை வீட்டில் கேட்பது பேச்சுத் தமிழ், புத்தகத்தில் இருப்பது எழுத்துத் தமிழ். ‘வந்துகொண்டிருந்தது’ என்று எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துவிடும். எழுத்துத் தமிழ் முதலில் காதில் விழுந்திருந்தால் கண்ணுக்குச் சுமை குறையும். ஆகவே நாள்தோறும் 15 நிமிடம், ஆசிரியரோ மூத்த மாணவரோ உரக்க வாசிக்க வேண்டும். படித்து முடித்ததும் “கதையின் நீதி என்ன?” என்று கேட்கக் கூடாது. ஒவ்வொரு கதைக்குப் பின்னும் ஒரு தேர்வு காத்திருக்கிறது என்று தெரிந்த பிள்ளை கதையையே தவிர்க்கும். இத்தனை புத்தகம் படித்தால் பரிசு என்பதும் வேண்டாம். பக்கம் புரட்டும் வேகம்தான் கூடும். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கலாம்.

இரவல் கணக்கு ஒரு நோட்டில், நான்கு பத்தி: புத்தக எண், பெயர், எடுத்த நாள், திருப்பிய நாள். எழுதுவது வாரத்துக்கு இரண்டு மாணவர்கள். தவணை 7 நாள், அபராதம் இல்லை. அபராதம் வைத்தால் தொலைத்த பிள்ளை அடுத்த புத்தகமே எடுக்காது. புத்தகங்கள் குழுவின் பெயரிலேயே இருக்கும், பள்ளிக்கு அவை இரவல். எனவே பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏறாது. அறைக்கு ஆண்டுக்கு 10 புத்தகம் வரை தொலைந்தாலும் கிழிந்தாலும் யாரையும் கேட்க மாட்டோம். அதற்கு மேல் போனால் காரணம் பார்ப்போம். ஒன்றுகூடத் தொலையவில்லை என்றாலும் பார்ப்போம், பெட்டி திறக்கப்படவில்லையோ என்று.

நன்கொடை நூறு பங்கு என்றால் 60 புத்தகத்துக்கு, 15 பெட்டிக்கும் திரைக்கும், 10 உறைக்கும் செப்பனிடுதலுக்கும், 15 அடுத்த ஆண்டின் மாற்றுப் படிகளுக்கு. இந்தக் கடைசிப் பதினைந்தைக் குறைக்கச் சொல்லி எங்களை வற்புறுத்தாதீர்கள். அது இல்லையென்றால் பூட்டு திரும்பி வந்துவிடும். ஏப்ரல் 2 சிறுவர் புத்தக நாள், ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள் என்று விழாக்களுக்குக் குறைவில்லை. பதாகைக்கும் மேடைக்கும் இதிலிருந்து எதுவும் போகாது.

முழுத் தொகுதி தரலாம், ஒரு திரை தரலாம், ஒரு புத்தகத்தின் மூன்று படிகள் தரலாம். புத்தகமாகத் தருவோர் வாங்குமுன் எங்கள் பட்டியலைக் கேட்டுப் பெறுங்கள். தையல் கட்டு முதல் தேர்வு. பசை மட்டும் வைத்த கட்டு பத்துக் கை மாறுவதற்குள் தாள் தாளாக உதிரும். சிறு வகுப்புக்கு அச்செழுத்தின் அளவு 18 பாயிண்டுக்குக் குறைய வேண்டாம். பழைய பாடநூல், தேர்வு வழிகாட்டி, நாட்குறிப்பு, பூச்சி அரித்த தொகுப்புகள் வேண்டவே வேண்டாம். அவற்றைப் பிரித்து அப்புறப்படுத்துவதற்கு ஆகும் நேரத்தில் ஒரு தொகுதிக்கே உறை போட்டுவிடலாம்.

பணம் தர இயலாதவர்கள் இரண்டு நாள் உழைப்பு தரலாம். எண்ணிட்டு, பதிவு செய்து, உறை போட ஒருவர் மணிக்கு எட்டு முதல் பத்துப் புத்தகம் முடிப்பார். 800 புத்தகத்துக்குப் பத்துப் பேர், நாளுக்கு ஐந்து மணி நேரம், இரண்டு நாள். உறையின் மடிப்பை உறையோடுதான் ஒட்ட வேண்டும், அட்டையில் டேப் படக் கூடாது. உரித்தால் அட்டைப்படமும் கூடவே வரும். கிழிந்த பக்கத்துக்கும் செலோடேப் ஆகாது, நாளடைவில் மஞ்சளாகிப் பசை கசியும். மெல்லிய தாளும் வெள்ளைப் பசையும் போதும்.

பள்ளி திறப்பதற்கு ஆறு வாரம் முன்பே எல்லாம் வந்து சேர வேண்டும். பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யார் கேட்டாலும் தர வேண்டாம். வரவு செலவுக் கணக்கும் தொலைந்த புத்தகங்களின் பட்டியலும் ஆண்டு முடிவில் எல்லா நன்கொடையாளருக்கும் வரும். உங்கள் பெயர் பின் அட்டையின் உட்புறச் சீட்டில் இருக்கும், முன் அட்டையில் இருக்காது. அந்த இடம் படத்துக்கும் புள்ளிகளுக்கும் வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
வகுப்பறை நூலகக் குழுவினர்