பள்ளி ஆட்டோவுக்குப் போகும் பணத்துக்கு மன்றம் கணக்குக் கேட்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி திறப்பதற்கு முன்பு பள்ளி வாகனங்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் ஆய்வு செய்தது குறித்துத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். 2012-ஆம் ஆண்டுச் சிறப்பு விதிகளுக்குப் பிறகு, போக்குவரத்து, காவல், வருவாய், கல்வி ஆகிய துறையினர் சேர்ந்து ஆண்டுதோறும் இந்தச் சோதனையை நடத்தி வருகிறார்கள். அவசர வழி திறக்கிறதா, அடித்தளப் பலகை உறுதியாக உள்ளதா, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேலை செய்கிறதா, கேமரா பொருத்தியிருக்கிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். தாம்பரம் அருகே ஓடும் பேருந்தின் ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்த பின்னர்தான் இவ்வளவும் வந்தது என்றாலும், வந்தவரை நல்லதே. ஆனால் பள்ளிப் போக்குவரத்தில் அரசுப் பணம் செலவாகும் இன்னொரு பக்கம் இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி வரும் வாடகை ஆட்டோ எதையும் அந்த மைதான வரிசையில் நான் பார்த்ததில்லை. அந்த ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணத்தின் கணக்கையும் எந்த உள்ளாட்சி மன்றக் கூட்டத்திலும் பார்த்ததில்லை. இக்கடிதம் அந்தக் கணக்கைப் பற்றியது.

சமக்ர சிக்ஷா எனப்படும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், பக்கத்தில் பள்ளி இல்லாத குடியிருப்புகளின் பிள்ளைகளுக்காகப் போக்குவரத்து மற்றும் வழித்துணை வசதி என்ற தலைப்பில், ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை வழங்க இடமிருக்கிறது. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது தமிழகத்தின் 2011-ஆம் ஆண்டுக் கல்வி உரிமை விதிகள் வகுத்த அளவு. அவ்வாறு அமையாத இடங்களுக்கே இந்த வசதி. செட்டிநாட்டில் இதன் தேவை அதிகம். நம் பக்கத்து ஊர்களில் பள்ளியும் கடைத்தெருவும் பெரிய ஊருக்குள் இருக்கும். உழைக்கும் குடும்பங்கள் கண்மாய்க்கு அப்பாலும் பொட்டலுக்கு அப்பாலும் சிதறிக் கிடக்கும். கல்லல், சாக்கோட்டை ஒன்றியங்களின் உள்கிராமங்களுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இலவசப் பஸ் பாஸ் கையில் இருந்தாலும், டவுன் பஸ் வராத ஊரில் அதை வைத்துக்கொண்டு ஏழு வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

தொகை சிறியதுதானே, இதற்கு எதற்கு மன்றம் என்று கேட்பவர்கள் உண்டு. உச்சவரம்பான 6,000 ரூபாயை, தொடக்க வகுப்புகளுக்குச் சட்டம் குறிப்பிடும் 200 வேலை நாட்களால் வகுத்தால், போக வரச் சேர்த்து நாளொன்றுக்கு 30 ரூபாய் வரும். பத்துப் பிள்ளைகளை ஏற்றும் பள்ளிக்கு ஆண்டுக்கு 60,000 ரூபாய். பெரிய பணமில்லைதான்; ஆனால் இந்த 30 ரூபாய் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்றால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பள்ளி இல்லை.

உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உறவினர் ஒருவர் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருப்பதால், அந்தப் பள்ளியின் தீர்மானப் பதிவேட்டையும் செலவுச் சீட்டுகளையும் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், ஆண்டு விழா என்று தீர்மானங்கள் விரிவாக எழுதப்பட்ட பக்கத்தின் அடியில், "ஆட்டோ வாடகை வழங்கியது ஏற்கப்படுகிறது" என்று ஒரே ஒரு வரி. தொகை எழுதுவதற்கு விட்ட இடம் காலியாகவே இருந்தது, அதன் கீழே எல்லோரும் கையெழுத்திட்டிருந்தார்கள். செலவுச் சீட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ஓட்டுநர் ஒப்பமிட்டிருந்தார். எத்தனை நாள் வண்டி ஓடியது, எத்தனை பிள்ளைகள் ஏறினார்கள், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்பவை எங்கும் இல்லை. காலாண்டு விடுமுறை வந்த மாதத்துக்கும் விடுமுறையே இல்லாத மாதத்துக்கும் ஒரே தொகை. இதில் யாரோ பணத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தலைமையாசிரியர் சிரமப்பட்டு நேர்மையாகவே நடத்துகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால், தவறு நடந்திருந்தாலும் இந்தத் தாள்களை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. பட்டயக் கணக்காளர் வருகிறார், சீட்டும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போகின்றன, பயன்பாட்டுச் சான்று மேலே போகிறது. பணம் செலவானதற்குச் சான்று இருக்கிறது. பிள்ளை வண்டியில் ஏறியதற்கு இல்லை.

சட்டம் இதை யாரிடமும் ஒப்படைக்காமல் விட்டுவிடவில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, அரசிடமிருந்தோ உள்ளாட்சியிடமிருந்தோ பள்ளி பெறும் மானியத்தின் பயன்பாட்டைக் கண்காணிக்கும் கடமையை மேலாண்மைக் குழுவுக்குத் தருகிறது. அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். மீதியில் உள்ளாட்சியின் மக்கள் பிரதிநிதியும் உண்டு. 9-ஆம் பிரிவு தன் எல்லைக்குட்பட்ட பள்ளிகளின் செயல்பாட்டைக் கண்காணிப்பதை உள்ளாட்சி அமைப்பின் கடமைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. 32-ஆம் பிரிவின்படி பெற்றோர் எழுத்து மூலம் புகார் தந்தால், உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். அதில் குறை இருந்தால் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.

இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ஏன் ஒன்றும் நடப்பதில்லை? சிக்கல் அதே சட்டத்தின் 2-ஆம் பிரிவில் இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஆகியவற்றோடு, பள்ளியின் மீது நிர்வாகக் கட்டுப்பாடு உள்ள வேறு அமைப்பையும் "உள்ளாட்சி அமைப்பு" என்ற வரையறைக்குள் அது சேர்த்துக்கொள்கிறது. மன்றத்தில் கேட்டால் பள்ளி கல்வித் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்கிறார்கள். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டால் இது சமக்ர சிக்ஷா திட்ட நிதி, அந்தத் திட்டத்தை வட்டார அளவில் கவனிக்கும் வட்டார வள மையத்தில் கேளுங்கள் என்கிறார்கள். வள மையத்திலோ, பணம் மேலாண்மைக் குழுவின் கணக்குக்குப் போய்விட்டது, குழுவைக் கேளுங்கள் என்கிறார்கள். குழு என்பது, தொகை எழுதாத வரியின் கீழ் கையெழுத்துப் போட்ட அந்தத் தாய்மார்கள்தான். ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்று பெயர்ப்பலகை இருக்கிறதே என்றால், அதன் ஆசிரியர்கள் 1981-இலேயே அரசு ஊழியர்களாகிவிட்டார்கள். ஒன்றியத்திடம் எஞ்சியிருப்பது கட்டடமும் பெயரும்தான். அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணை தொடக்க, இடைநிலைப் பள்ளிகளை உள்ளடக்கிய கல்வியை ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க துறைகளில் 17-ஆவதாகக் குறித்திருப்பது ஏட்டோடு சரி.

இதோடு இப்போதைய நிலைமையும் சேர்ந்துகொண்டது. சிவகங்கை உட்படப் பல மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் உறுப்பினரே இல்லாமல் போனால், சட்டத்தில் எந்தப் பிரிவு இருந்து என்ன? நகர்ப்புறத்திலோ, காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனபோது கோட்டையூரும் கண்டனூரும் சங்கராபுரமும் அதற்குள் வந்தன. வரி எவ்வளவு ஏறும், நூறு நாள் வேலை போய்விடுமா என்பவையே அப்போது ஊரெங்கும் பேச்சு. அதில் நியாயமும் இருந்தது. இணைந்த பகுதிப் பிள்ளைகளின் பள்ளிப் போக்குவரத்தை இனி யார் பார்ப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட.

இந்த மண்ணுக்குக் கணக்கு புதிதல்ல. நகரத்தார் கோயில்களில் நிர்வாகம் பார்க்கும் காரியக்காரர் மாறும்போது வரவு செலவை ஊரார் கூடிய இடத்தில் ஒப்படைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எண்ணெய்க்கும் பூவுக்கும் அப்படிக் கணக்குக் கேட்பவர்கள், பள்ளி ஆட்டோவுக்குக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

நான் கேட்பது புதிய சட்டமோ புதிய குழுவோ அன்று. காரைக்குடி மாமன்றம் தன் எல்லைக்குள் இந்த நிதியைப் பெறும் ஒவ்வொரு பள்ளியைக் குறித்தும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கக் கணக்கைக் கேட்டுப் பெற்றுக் கூட்டத்தில் வைக்கட்டும். வந்த தொகை, கொடுத்த தொகை, வண்டி ஓடிய நாட்கள், வருகைப் பதிவேட்டின்படி வந்த பிள்ளைகளின் எண்ணிக்கை, ஓட்டுநருக்குப் பாக்கி உண்டா என்பது, இவ்வளவு போதும்; பிள்ளைகளின் பெயரே வேண்டியதில்லை. மேலாண்மைக் குழுவில் அமர்ந்து கையெழுத்திடும் மாமன்ற உறுப்பினர் அந்தக் கணக்குக்குத் தாமே எழுந்து பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு தீர்மானம் போட்டால், காலியிடத்தின் கீழ் கையெழுத்துப் போடுவது அன்றோடு நின்றுவிடும். கிராமங்களில் இதே தாளைக் கிராம சபையில் படிக்கலாம். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கூட்டங்கள் எப்படியும் நடக்கின்றன. நூறு நாள் வேலைக் கணக்கைச் சமூகத் தணிக்கையில் படித்துப் பழகிய சபைகள் இதையும் படிக்கும்.

இன்னும் ஒரு வேலையா என்று தலைமையாசிரியர்கள் சலித்துக்கொள்வது எனக்குப் புரிகிறது. கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவேற்றியே அவர்கள் பாதி நேரம் போகிறது. ஆனால் இந்தக் கணக்கு அவர்களுக்கு எதிரானதன்று. 2024-25-ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு தமிழகத்துக்குத் தர வேண்டிய சமக்ர சிக்ஷா நிதி, 2,152 கோடி ரூபாய் அளவுக்கு, பிஎம் ஸ்ரீ என்ற மத்திய அரசின் பள்ளித் திட்டம் குறித்த பிணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. யார் பக்கம் நியாயம் என்பது வேறு பேச்சு. இப்படி மேலே பணம் நிற்கும்போது கீழே ஆட்டோ ஓட்டுநர் பெட்ரோலுக்குக் கடன் வாங்குகிறார், இல்லையேல் வண்டியை நிறுத்திவிடுகிறார். தலைமையாசிரியர் சொந்தப் பணத்தைப் போட்டுச் சமாளித்துவிட்டு வெளியே சொல்லவும் முடியாமல் இருக்கிறார். பாக்கித் தொகை மன்றத்தின் முன் எழுத்தில் வந்துவிட்டால், இந்தச் சுமை அவர் ஒருவர் தலையில் மட்டும் நிற்காது. பொது நிதியிலிருந்து இடைக்கால முன்பணம் கொடுக்க முடியுமா என்று மாநகராட்சி ஆணையரைக் கேட்க உறுப்பினர்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

இந்தக் கோரிக்கையை மாநகராட்சிக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மனுவாக எழுதி அனுப்பியிருக்கிறேன். மற்ற ஊர்களின் மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் பெற்றோரும் அடுத்த கூட்டத்தில் ஆட்டோ வாடகைத் தீர்மானம் வரும்போது, தொகையையும் வண்டி ஓடிய நாட்களையும் எழுதிய பிறகே கையெழுத்திடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உள்ளாட்சித் தணிக்கைத் துறையில் பணியாற்றிய ஒரு வாசகர்,
கோட்டையூர், காரைக்குடி.