23-ஆம் மனையில் இருந்தவன்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுதாததற்குக் கண் ஆபரேஷனைக் காரணம் காட்டலாம் என்று நினைத்தேன். ஆனால் அது முடிந்தே மூன்று வாரமாகிவிட்டது. சோம்பல்தான், வேறொன்றும் இல்லை. இடது கண் இப்போது பளிச்சென்று தெரிகிறது. வீட்டில் இவ்வளவு தூசி இருந்ததும் கூடவே தெரிகிறது! வலது கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள்.

மகள் வீடு மாறிவிட்டாள். இவளும் நம்மைப் போல ஊருக்கு வெளியே. நான் போய் இறங்கிய அன்று அவள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் வரிசையாகக் காலி மனைகள், நட்டு வைத்த எல்லைக் கற்கள், ஒரு மணல் குவியல். பேரன் அதன் உச்சியில் நின்றிருந்தான். “இறங்குடா, விழுந்துவிடுவாய்” என்று கத்தினேன். நான்! மணல் குவியலிலேயே வளர்ந்த நான்.

சரி, நீ வராமல் போன அந்தச் சந்திப்புக்கு வருகிறேன். நம் தெருவின் பழைய ஆட்கள் இருபது பேர் இருக்கும். முதல் பத்து நிமிடம் யாருக்கும் யாரையும் அடையாளம் தெரியவில்லை. அப்புறம் யாரோ கடைசி பஸ்ஸைப் பற்றி ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். அந்த பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் ரயில்வே கேட்டிலிருந்து நடந்து வந்த கதை, தெருவிளக்கு வருவதற்கு முன்னால் டார்ச் வெளிச்சத்தை வைத்தே வருவது யார் வீட்டு அப்பா என்று கண்டுபிடித்த கதை. அப்பாக்கள் விடியும் முன் கிளம்பி இருட்டிய பிறகு திரும்பியதால், ஞாயிற்றுக்கிழமைதான் அவர்கள் முகத்தைப் பகலில் பார்ப்போம் என்று ஒருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை.

1688-இல் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், வீடு திரும்பும் ஏக்கத்துக்கு ‘நாஸ்டால்ஜியா’ என்று பெயர் சூட்டி, அதை ஒரு நோயாகவே எழுதிவைத்தார். அன்று அவர் அந்த அறையில் இருந்திருந்தால் இருபது பேரையும் படுக்கையில் போட்டிருப்பார்.

சண்டை இல்லாமல் இருக்குமா? கட்டட வேலைக்காகக் கட்டிவைத்த தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது யார் என்று வந்தது. நீதான் விழுந்தாய், நான்தான் தூக்கினேன். எனக்கு உன் ஈரப் பாவாடையின் நிறம் வரை நினைவிருக்கிறது. ஆனால் அங்கே நான்கு பேர், விழுந்தது நான் என்று அடித்துச் சொல்கிறார்கள். ஃப்ரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932-லேயே இதைச் சொல்லிவிட்டார். ஒரு கதையைப் படிக்கக் கொடுத்து, நாள் கழித்து நாள் கழித்து அதைத் திரும்பச் சொல்லவைத்தாராம். ஒவ்வொரு தடவையும் புரியாத பகுதிகள் உதிர்ந்து, சொல்பவருக்குப் பழகிய மாதிரி கதை மாறிக்கொண்டே போனதாம். ஆகவே விட்டுக்கொடுத்துவிட்டேன். ஆனாலும் விழுந்தது நீதான்.

இன்னொன்று கவனித்தேன். யாருக்குமே அந்தப் பகுதி கட்டி முடிந்த பிறகு நடந்த கதை எதுவும் இல்லை. தார் ரோடு வந்த பிறகு, எல்லா மனையிலும் சுவர் எழும்பிய பிறகு, ஒன்றுமில்லை. பெற்றோர்கள் ‘எப்போது ரோடு வரும், எப்போது விளக்கு வரும்’ என்று காத்திருந்தார்கள். நமக்கு அவை வராத வரைதான் கொண்டாட்டம். மனிதர்கள் வயதான பிறகு நினைத்துப் பார்ப்பதில் பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்டவையே அதிகம் என்று உளவியலில் சொல்வார்கள். நமக்கு அது பத்துக்கும் முன்னாலேயே தொடங்கி, கடைசி மனை நிரம்பியதோடு நின்றுவிட்டது என்று தோன்றுகிறது.

இனிமேல்தான் நான் எழுத வந்த விஷயம். 23-ஆம் மனை நினைவிருக்கிறதா? மூலை மனை. அங்கே வீடு எழும்பியபோது ஒரு கொத்தனார் குடும்பம் மணலுக்குப் பக்கத்திலேயே குடிசை போட்டுத் தங்கியிருந்தது. அவர்கள் பையனுக்கு நம் வயது. நாம் பள்ளி விட்டு வரும்போது அவன் புதிதாகப் பூசிய சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருப்பான். பூச்சு காயாமல் ஒரு வாரமாவது நனைக்க வேண்டும் என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு செங்கல்லைத் தட்டிக் காட்டுவான், கணீரென்று கேட்டால் நன்றாக வெந்த கல். தூக்குக்குண்டைப் பிடித்துச் சுவர் நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பான். ரசமட்டத்துக்குள் இருக்கும் குமிழைப் பார்க்க நாம் வரிசையில் நிற்போம். சாரத்தின் மேல் பயமில்லாமல் நடக்கக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான். கண்ணாமூச்சியில் அவனை ஒரு தடவையாவது நாம் கண்டுபிடித்திருக்கிறோமா?

வீடு முடிந்தது. ஒரு நாள் குடிசை இருந்த இடத்தில் மூன்று அடுப்புக் கற்கள் மட்டும் கிடந்தன. நாம் அடுத்த மனைக்கு விளையாடப் போய்விட்டோம்.

அந்த வீட்டுக்குக் குடிவந்தவர்களின் மகளும் சந்திப்புக்கு வந்திருந்தாள். மொட்டை மாடி மூலையில் சிமெண்டு ஈரமாக இருக்கும்போது யாரோ பதித்த ஒரு சின்னக் கை இருக்கிறதாம். சிறு வயதில் தினமும் தன் கையை அதில் வைத்து அளந்து பார்ப்பாளாம். “அது உங்கள் கைதானே? நீங்கள்தானே எப்போதும் இங்கேயே சுற்றிக்கொண்டிருப்பீர்கள்?” என்று கேட்டாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்று வரை தெரியவில்லை.

அமெரிக்காவில் லெவிட்டவுன் என்றொரு புறநகர். நியூயார்க்கை அடுத்த உருளைக்கிழங்கு வயல்களில் 1947 முதல் 1951 வரை, ஒரே அச்சில் வார்த்ததுபோல் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள். அங்கே வளர்ந்தவர்களும் திறந்த கதவுகளையும் புதிதாக நட்ட மரங்களையும்தான் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். ஆனால் தொடக்க கால ஒப்பந்தத்தில் வெள்ளையர் அல்லாதவர்கள் அங்கே குடியிருக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. நம் தெருவில் அப்படி யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்காமலேயே அவன் போய்விட்டான், அன்று இருபது பேரில் ஒருவரும் அவனைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. நானும்தான்.

அந்த வீட்டை அடுத்த வருடம் இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்களாம். அதற்கு முன்னால் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சொல்லும்போது ‘ஒரு பையன்’ என்று சொல்ல மனம் வரவில்லை, பெயரோடு சொல்ல வேண்டும். மூன்று வாரமாக யோசிக்கிறேன், நாக்கு நுனி வரை வந்து நிற்கிறது. இரண்டெழுத்தா மூன்றெழுத்தா என்பதுகூடத் தெரியவில்லை. உனக்கு நினைவிருந்தால் உடனே எழுது. உன் அக்காவிடமும் கேட்டுப் பார், அவள்தான் மாடியிலிருந்து அவனை உரக்கக் கூப்பிடுவாள்.

வலது கண் ஆபரேஷனுக்கு முன்னால் எழுதினால் நல்லது. அப்புறம் சில நாள் படிக்க விடமாட்டார்கள்.

உன் பழைய எதிர்வீட்டுக்காரி