முகாமில் பிறந்த பிள்ளைகளின் ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கைப் போரால் இடம்பெயர்ந்து தமிழக அகதி முகாம்களில் வாழும் நம்மவர்களைப் பற்றிப் பேசுவோர், அவர்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்றே கேட்கிறார்கள். 1990இல் மன்னார்க் கரையில் படகேறி, மண்டபம் முகாமில் பதியப்பட்டு, பின்னர் உள்மாவட்ட முகாமொன்றுக்கு அனுப்பப்பட்ட என் அக்காவின் வீட்டுக்குப் போய்வந்த பிறகு, அந்தக் கேள்வியே பிழையாகப் படுகிறது.

ஒற்றை அறையில் தொடங்கிய அவ்வீட்டில் இன்றும் நம்மூர் வழக்கப்படி மல்லியும் மிளகாயும் வறுத்தே தூள் இடிக்கிறார்கள். முன்னர் கேலி செய்த அயல் தெருப் பெண்கள் இப்போது அதைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். பெயின்ட் அடிக்கப் போகும் மருமகன் என்னிடம் நம்மூர்ப் பேச்சில் 'ஓம்' என்று சொல்லி, அடுத்த நொடியே கடைக்காரரிடம் 'ஆமாங்க' என்றான்.

2021இல் முகாம்கள் 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் பெற்றன. ஆயினும் 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்த முஸ்லிமல்லாதோருக்கே வழிவிட்டது. முகாமில் பிறந்த என் மருமகனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு இல்லை. இலங்கைக் குடியுரிமைக்கோ சென்னைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். பதியாமலே திரும்பிய பிள்ளைகள் வன்னியில் அடையாள அட்டைக்கு அலைகிறார்கள். (போதாததற்கு, 'இந்தியாக்காரர்' என்ற பட்டப்பெயரும் நாமே வைத்ததுதான்.)

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் பிரதேச செயலகங்கள் இப்படித் திரும்பிய பிள்ளைகளின் பதிவுக்கென நடமாடும் சேவையொன்றை நடத்த வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.