நெல் தாள் பட்ட கண்ணுக்கு ஸ்டீராய்டு டிராப்ஸைக் கொடுக்காதீர்கள்

ஆற்காடு, திமிரி, கலவை, ஆரணி பக்கத்து மெடிக்கல் ஷாப்காரர்களுக்கு,

வணக்கம். ராத்திரி பத்து மணிக்கு ஷட்டரைத் தட்டினாலும் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து எடுத்துக் கொடுக்கிறவர்கள் நீங்கள். எங்கள் வீட்டுக் கணக்கே உங்களில் ஒருவருடைய கடன் நோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் சண்டை போட எழுதவில்லை. கோபம் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை.

போன நவரை அறுப்பில், மிஷின் திரும்ப முடியாத மூலையில் எங்கள் நைனா (அப்பா) கையால் அறுத்துக்கொண்டிருந்தார். குனிந்தபோது நெல் தாள் ஒன்று வலது கண்ணில் அடித்தது. தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு மறுபடி அரிவாளை எடுத்துவிட்டார், வயலில் இதெல்லாம் புதுசா என்ன. மறுநாள் உறுத்தல், சிவப்பு. கடைக்குப் போய் "கண்ணுக்கு ஏதாவது டிராப்ஸ் குடுப்பா" என்றார், கொடுத்தார்கள். எதனால் பட்டது என்று ஒரு கேள்வி இல்லை. அந்தப் பாட்டிலில் ஆன்டிபயாட்டிக்கோடு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்திருந்தது என்பது எனக்கே பிறகுதான் தெரியும்.

இரண்டே நாளில் சிவப்பு வடிந்தது. நைனாவுக்கு ஒரே சந்தோஷம், பக்கத்து வீட்டுக்காரரிடம்கூட அந்த மருந்தின் பெயரைச் சொன்னார். பத்தாம் நாள் கருவிழியில் நொய் அரிசி அளவுக்கு வெள்ளைப் புள்ளி. அத்தை தாய்ப்பால் விடச் சொன்னார், அதையும் விட்டோம். (தப்பு முழுக்க உங்கள் தலையில் இல்லை, எங்கள் வீட்டிலும் இருக்கிறது.) வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, கண் மரத்துப்போக மருந்து விட்டு, புண்ணைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். பூஞ்சை. நாட்டமைசின் சொட்டு, பாட்டிலைக் குலுக்கி மணிக்கு ஒரு தடவை, ராத்திரியும் அலாரம் வைத்து எழுப்பி. வாரக்கணக்கில் விட்டோம். புண் ஆறியது, கண்ணில் பூ விழுந்துவிட்டது. கையை ஆட்டினால் தெரிகிறது, அவ்வளவுதான்.

டாக்டர் எனக்கு விளக்கியதை உங்களுக்குச் சொல்கிறேன், உங்களில் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். தாளிலும் மண்ணிலும் ஃப்யூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் மாதிரிப் பூஞ்சைகள் எப்போதும் உண்டு. கருவிழியின் மேல்தோல் முழுசாக இருக்கும்வரை அவை உள்ளே போவது கஷ்டம், கீறல் விழுந்தால் வழி கிடைக்கிறது. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும், பூஞ்சையை ஒன்றும் செய்யாது. சிவப்பும் வலியும் உடம்பு எதிர்த்துச் சண்டை போடுவதன் அடையாளம், ஸ்டீராய்டு அந்தச் சண்டையை அடக்கிவிடுகிறது. பார்க்கிறவருக்குக் கண் தெளிந்த மாதிரி இருக்கும், உள்ளே பூஞ்சை நிம்மதியாக வேர் விடும். எங்களுக்குக் கண் மருத்துவமனை தூரமில்லை, வேலூர் ஆரணி ரோட்டில் 1902-லிருந்து ஷெல் ஆஸ்பத்திரி இருக்கிறது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. சிவப்பு வடிந்ததுதான் நைனாவை பஸ் ஏறவிடாமல் செய்தது.

ஆரம்பத்திலேயே கவனித்தால் எவ்வளவு சின்ன விஷயம் தெரியுமா? நேபாளத்தில் பக்தபூர் பக்கம் கிராமத் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கண்ணில் அடிபட்டவருக்குச் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள், கீறல் இருந்தால் பச்சையாக மின்னும். கீறல் இருந்தவர்களுக்கு 1% குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக் களிம்பு, நாளுக்கு 3 தடவை, 3 நாள். ஸ்டீராய்டு கிடையாது. 2001-ல் வந்த அந்த ஆய்வில், அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பு போட்டவர்கள் ஒருவருக்கும் புண் வரவில்லை. நைனா உங்கள் கடைக்கு வந்தது மறுநாள் காலையில்.

ஸ்டீராய்டோ ஆன்டிபயாட்டிக்கோ உள்ள கண் மருந்து சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது, அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. சட்டம் பேசி உங்களை மிரட்ட எனக்கு ஆசையில்லை. கவுன்டரில் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: என்ன பட்டது, எப்போது பட்டது? நெல் தாள், கரும்புச் சோகை, முள், மாட்டு வால் என்று எது வந்தாலும் பாட்டிலை எடுக்காதீர்கள், அன்றைக்கே கண் டாக்டரிடம் அனுப்புங்கள். சுண்ணாம்பு பட்ட பிள்ளை வந்தால் விசாரிக்காமல் குழாயடியில் அரை மணி நேரமாவது கண்ணைத் திறந்து பிடித்துக் கழுவிவிட்டு அப்புறம் அனுப்புங்கள். ராணிப்பேட்டை சிப்காட் பையன்கள் கிரைண்டர் தூசி என்று வந்தால் ஊசி, பஞ்சு எதையும் தொட வேண்டாம், சுத்தியல் அடியில் இரும்புச் சில்லு தெறித்திருந்தால் சொட்டு மருந்தும் வேண்டாம், கண்ணை அமுக்கவும் வேண்டாம், மேலே ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து ஒட்டி ஆட்டோவில் ஏற்றிவிடுங்கள்.

முப்பது நாற்பது ரூபாய் வியாபாரம் போகும், தெரியும். நைனா இன்னும் உங்களில் ஒருவர் கடையில்தான் பிரஷர் மாத்திரை வாங்குகிறார். இப்போதெல்லாம் மீதிச் சில்லறையை உள்ளங்கையில் வைத்துத் தடவிப் பார்த்துத்தான் எண்ணுகிறார்.

இப்படிக்கு,
திமிரி பக்கத்து விவசாயி ஒருவரின் மகன்