நிதித்துறைக்குக் கேட்டுப் போங்கள்: இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பிரிவுக்கு ஒதுக்கீடாகி முசோரியில் பயிற்சியில் இருக்கும் இளம் அதிகாரிகளுக்கு,

வணக்கம். தேர்வு முடிவு வந்த அன்று ஊரில் உங்களுக்கு வைத்த ஃப்ளெக்ஸில் 'வருங்கால கலெக்டர்' என்றுதான் போட்டிருப்பார்கள். 'வருங்கால நிதிச் செயலாளர்' என்று யாரும் போடமாட்டார்கள். தப்பில்லை. கலெக்டரை மக்கள் நேரில் பார்க்கிறார்கள், மனு கொடுக்கிறார்கள், திட்டுகிறார்கள். நிதித்துறைத் துணைச் செயலாளரைக் கோட்டைக்கு வெளியே ஒருத்தருக்கும் தெரியாது. ஆனாலும் உங்கள் சர்வீஸில் சில வருடங்களாவது அங்கே கேட்டு வாங்கிப் போங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தலைமைச் செயலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

செலவு சம்பந்தப்பட்ட ஏதாவது ஓர் அரசாணையை எடுத்து அதன் கடைசிப் பத்தியைப் படித்துப் பாருங்கள். நிதித்துறையின் இசைவுடன் வெளியிடப்படுகிறது என்று ஒரு வரி, கூடவே ஒரு அ.சா. (அலுவல் சார்பற்ற குறிப்பு) எண், ஒரு தேதி. பேர் இருக்காது. அந்த எண் விழுவதற்கு முன் நடந்ததெல்லாம் கோப்பின் குறிப்புப் பக்கங்களில் கிடக்கும். துறை கேட்டது எவ்வளவு, அதில் தொடர் செலவினம் எவ்வளவு, எந்தக் கணக்குத் தலைப்பில் போடுவது, நடப்பு ஒதுக்கீட்டுக்குள் அடங்குமா, சட்டமன்றத்தில் துணை மதிப்பீட்டில்தான் கூடுதலாகக் கேட்கவேண்டுமா என்று நீளும். பிரிவு அலுவலர் பக்கம் பக்கமாக எழுதுவார். மேலே போகப் போகக் குறிப்பு சுருங்கும். செயலாளர் எழுதுவது இரண்டே வரி. அதைத் தயங்காமல் எழுதத்தான் அத்தனை வருட அனுபவமும் வேண்டியிருக்கிறது.

நிதித்துறை என்றாலே 'இல்லை' என்று சொல்கிற துறை என்று வெளியில் ஒரு பேர். நாலு ஜீப், பத்து பணியிடம் கேட்டு வருகிற கோப்பைத் திருப்பி அனுப்புவதில் பெரிய வீரம் ஒன்றும் இல்லை. பெரிய இடத்திலிருந்து வாய்மொழியாக ஒன்று வரும்போதுதான் சோதனை.

1957 ஜூனில், தொடங்கி ஒரு வருடம்கூட முழுசாக ஆகாத எல்.ஐ.சி., தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளைச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. நிதி அமைச்சர் நம்மூர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. முதன்மை நிதிச் செயலாளர் எச்.எம். பட்டேல், பழைய ஐ.சி.எஸ்.காரர், கெட்டிக்காரர். சர்ச்சை கிளம்ப, நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையிலேயே விசாரணை நடத்தினார். அமைச்சருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்துதான் நடந்தது என்றார் செயலாளர். நான் சம்மதிக்கவில்லை என்றார் அமைச்சர். கோப்பைப் புரட்டினால் அமைச்சரின் கையெழுத்து எங்கேயும் இல்லை. அமைச்சரே பொறுப்பு என்று சாக்ளா முடித்தார், டி.டி.கே. 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். பட்டேலின் அரசுப் பணியும் அந்த விவகாரத்தோடு முடிந்தது. 1977இல் மொரார்ஜி தேசாய் அரசில் அவரே நிதி அமைச்சராக வந்து உட்கார்ந்தது தனிக்கதை.

அன்றைய செயலாளர் பட்டேலைவிட இன்று உங்கள் நிலைமை மேல். வாய்மொழி ஆணையை எழுத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று அகில இந்தியப் பணிகளுக்கான 1968 நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் மற்ற ஓய்வுபெற்ற அதிகாரிகளும் தொடுத்த வழக்கில், 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. "சார், கோப்பில் ஒரு வரி போட்டுவிடுங்களேன்" என்று பணிவாகவே கேட்கலாம். கேட்டால் முகம் கோணும், மாற்றல்கூட வரலாம். இருந்தாலும் கேளுங்கள்.

எழுத்தில் வைப்பது என்பது ஆணைக்கு மட்டும் இல்லை, கணக்குக்கும்தான். மத்திய அரசு உணவு மானியத்தில் ஒரு பகுதியை பட்ஜெட்டில் காட்டாமல், இந்திய உணவுக் கழகத்தைத் தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்கவைத்து ஓட்டிக்கொண்டிருந்தது. பற்றாக்குறை பார்க்க அழகாக இருந்தது. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் அந்தக் கடனை உள்ளே கொண்டுவந்தார்கள். 2020-21க்கு முதலில் 1.15 லட்சம் கோடி ரூபாய் என்று போட்டிருந்த உணவு மானியம், திருத்த மதிப்பீட்டில் 4.22 லட்சம் கோடியாக ஏறியது. கொரோனா கால இலவச தானியமும் அதில் உண்டு என்றாலும் பழைய கடனைத் தீர்த்ததற்குக் கணிசமான பங்கு. நிதிப் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 9.5 சதவீதம் என்று வெளிப்படையாகவே அச்சிட்டார்கள். முடிவு அமைச்சருடையது. அப்போது மத்திய செலவினத் துறைச் செயலாளர் டி.வி. சோமநாதன், நம் மாநிலப் பிரிவின் 1987ஆம் ஆண்டுக்காரர். சென்னை மெட்ரோவின் முதல் மேலாண் இயக்குநர், இங்கே ஜி.எஸ்.டி. வந்த சமயத்தில் வணிகவரித் துறையில் இருந்தவர், பிறகு மத்திய நிதிச் செயலாளர், 2024இல் அமைச்சரவைச் செயலாளர். ஃப்ளெக்ஸ் வைப்பவர்கள் இதையும் கவனிக்கலாம்.

ஆட்சி மாறினால் செயலாளர்கள் மாறுவது கோட்டை வழக்கம். க. சண்முகம் 2010இல் தி.மு.க. ஆட்சியில் நிதிச் செயலாளரானவர். 2011இல் ஆட்சி மாறியும் அதே நாற்காலியில் தொடர்ந்து, 2019இல் தலைமைச் செயலாளராகத்தான் எழுந்தார். எந்தத் திட்டம் எந்த வருடம் என்ன வாக்குறுதியோடு வந்தது என்ற ஞாபகம் அந்த நாற்காலிக்கு அவசியம் என்பது என் எண்ணம். ஆனால் மாநிலம் வருவாய்ப் பற்றாக்குறைக்குள், அதாவது வருவாயைவிட அன்றாடச் செலவு கூடிய நிலைக்குள், போனதும் அதே காலத்தில், 2013-14இலிருந்துதான். செயலாளரின் பேனா எச்சரிக்கும், முடிவெடுப்பது அமைச்சரவை. இந்த எல்லை தெரியாமல் போனால் நிதித்துறை உங்களைச் சோர்வாக்கிவிடும்.

சரி, இப்போதைக்கு ஒரே ஒரு வேலை. மாவட்டப் பயிற்சியில் கருவூலத்துக்கென்று சில நாள் ஒதுக்குவார்கள். பலரும் டீ குடித்து, காப்பறையைப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் உட்காருங்கள். ஆட்சேபணையோடு திருப்பப்பட்ட பட்டியல்களை (பில்களை)க் காட்டச் சொல்லுங்கள். மார்ச் மாதம் எந்தத் துறை எவ்வளவு பட்டியல்களைக் கொண்டுவந்து கொட்டியது என்று கேளுங்கள். ஆண்டுக் கடைசியில் அவசர அவசரமாகச் செலவழிப்பது நிதி ஒழுங்கை மீறுவது என்று மத்திய அரசின் பொது நிதி விதிகள் சொல்கின்றன. அதை அங்கே வைத்துப் படியுங்கள். கருவூல ஊழியர்கள் மனம் திறந்து பேசுவார்கள். ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி வந்து இதையெல்லாம் கேட்பது அவர்களுக்கு அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு பிரிவு அலுவலர்